ஃபேட்டல் அட்ராக்‌ஷன்: கடைசிக் காட்சி சரிதானா?

கல்லடிக்காரன்:

1987இல் வந்த ஏட்ரியன் லைனின் ‘ஃபேட்டல் அட்ராக்‌ஷன்’ படத்தை நானும் மனைவியும் பார்த்தோம், முடிந்ததில் இருந்து வீட்டில் ஒரே தர்க்கம். பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான். நியூயோர்க்கில் டான் என்று ஒரு வழக்கறிஞர் (மைக்கேல் டக்ளஸ்), மனைவியும் மகளும் வீட்டில் இல்லாத ஒரு சனி ஞாயிறில் அலெக்ஸ் என்ற பெண்ணோடு (கிளென் குளோஸ்) சேர்கிறார். அவருக்கு அது அந்த இரண்டு நாளோடு முடிந்த விசயம், அவளுக்கு முடியவில்லை. அப்புறம் ஓயாத போன், கர்ப்பம், காருக்கு அசிட், மகளின் முயல் அடுப்புப் பானைக்குள். கடைசியில் குளியலறைக்குள் கத்தியோடு வந்தவளை டானின் மனைவி சுட்டுக் கொல்கிறார். ஐயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை!

முக்கால்வாசிப் படத்தில் ஒரு மனம் எப்படிக் குலைகிறது என்று பொறுமையாகக் காட்டிவிட்டுக் கடைசியில் ஏன் பேய்ப்படமாக்கினார்கள்? தண்ணிக்குள் அமுக்கி, செத்தாள் என்று நினைத்தவள் திடீரென்று எழும்புகிறாள். என் மனைவியோ “அப்படித்தான் முடிய வேணும்” என்று நிற்கிறா. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வாவிக்கரை:

தம்பி, உங்கள் சந்தேகம் சரி, அந்த முடிவு பிறகு எடுத்து ஒட்டியது. முதலில் எடுத்ததில் அலெக்ஸ் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு சாகிறாள், கத்தியில் டானின் கைரேகை இருக்கிறது, கொலை என்று பொலிஸ் வந்து ஆளைக் கொண்டுபோகிறது. அவள் தற்கொலை பற்றிப் பேசி அனுப்பிய கசெட் ஒன்றை மனைவி கண்டெடுத்தபடியால்தான் டான் தப்புவதற்கு வழி பிறக்கிறது. வெளியிட முன்னம் சனத்துக்குப் போட்டுக் காட்டினார்கள், ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை, அவளுக்கு அடி விழுவதைக் கண்ணால் பார்க்க வேணும் என்று நின்றிருக்கிறார்கள். கிளென் குளோஸ் மாட்டேன் என்று நன்றாகச் சண்டை பிடித்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் திரும்ப நடித்தார். வியாபார ரீதியில் அவர்கள் கணக்கு தப்பவில்லை, படம் வசூலை அள்ளி 6 ஒஸ்கார் பரிந்துரையும் வாங்கியது (கையில் ஒன்றும் கிடைக்கவில்லை, அது வேறு).

நடுவில் ஒரு லைட் காட்சி வருமே, அதைத் திரும்பப் பாருங்கள். டான் மனைவியோடும் கூட்டாளிமாரோடும் பவுலிங் விளையாடிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார், அங்கே அலெக்ஸ் தன் வீட்டில் தனியே தரையில் குந்தி ‘மடாமா பட்டர்ஃபிளை’ ஓபராவைக் கேட்டபடி விளக்கைப் போடுகிறாள், அணைக்கிறாள், போடுகிறாள், அணைக்கிறாள், முகத்தில் ஒரு அசைவும் இல்லை. புச்சினியின் அந்த ஓபராவில், நம்பிக் காத்திருந்து கைவிடப்பட்ட பெண் தன்னையே குத்திக்கொண்டு சாகிறாள். அந்தப் பழைய முடிவுக்குத்தான் இந்தக் காட்சி அடி போட்டது, முடிவை மாற்றியதும் கல்முனை என்று போர்டு போட்டு ஆளை ஏற்றிவிட்டு, எதிர்த் திசையில் இருக்கிற வாழைச்சேனையில் இறக்கிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

பாண்டிருப்பு அக்கா:

எல்லாரும் அலெக்ஸ் அலெக்ஸ் என்கிறீர்கள், டானின் மனைவி பெத்தாக நடித்த ஆன் ஆர்ச்சரை ஒருத்தரும் கணக்கில் எடுக்கவில்லை. குசினிக்குள் வந்து பானை மூடியைத் திறக்கப் போகிறா, அதே நேரம் பிள்ளை வெளியில் முயல் கூட்டைப் பார்க்க ஓடுகிறது. எங்கே இருந்து இந்த வினை வந்தது என்று அந்த நிமிசம் வரைக்கும் அவவுக்கு ஒன்றுமே தெரியாது. அதற்குப் பிறகுதான் புருசன் வாயைத் திறக்கிறார்.

வெளியே போ என்று அவவே சொல்லுவா, அந்த இடத்தில் கை தட்டினேன். எங்கட கிழக்கிலங்கைப் பக்கம் வீடு வளவு பொம்பிளைப் பிள்ளைக்குச் சீதனமாகக் குடுக்கிறது, மாப்பிள்ளை வந்து குடியிருக்கிறவர். இப்படி ஒரு கதை வெளியே வந்தால் பேக்கைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போறவரும் அவர்தான் (எல்லா வீட்டிலும் அப்படி நடக்கிறது என்று சொல்ல வரவில்லை, மகளின் பெயர் கெடும் என்று மூடி மறைக்கிற தாய்மாரும் இருக்கினம்). ஆனால் படத்தில், மகளைத் தேடி ஓடி அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிற நேரம் மன்னித்து விடுகிறா. கடைசியில் துவக்கும் அவவின் கையில். அவர் ஆடின ஆட்டத்துக்கு உயிரை எடுத்த பாவம் மனிசிக்கு. அதனால் தம்பி, உங்கட மனிசிக்கு அந்த முடிவு ஏன் பிடித்தது என்று அவவிடமே ஆறுதலாகக் கேளுங்கோ, அலெக்ஸ் மேல் உள்ள கோபமாக மட்டும் இராது.

அக்கரைப்பற்றான்:

அக்கா சொன்னது உண்மை. ஆனாலும் அலெக்ஸை விசரி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பார்க்கில் டான் பகிடிக்கு நெஞ்சு வலி வந்தவர் போல விழுவார் பாருங்கள், அப்போது அவள் தன் தகப்பன் மாரடைப்பில் கண் முன்னே செத்தவர் என்பாள், பிறகு பொய் என்று சிரிப்பாள். பின்னுக்கு டான் அவள் வீட்டைக் கிளறும்போது பத்திரிகைத் துண்டில் அது உண்மை என்று தெரியவரும். ஒரு சின்னத் துண்டு, படம் அதைத் தாண்டி ஓடிவிடுகிறது. அவள் கையை வெட்டிக்கொண்டபோது கட்டுப் போட்டுவிட்டவரும் அவர்தான், அன்றைக்கே அவளுக்கு வைத்தியம் வேணும் என்று விளங்கியிருக்க வேணுமே. அவருக்குத் தன் விசயம் மூடினால் போதும்.

அதே இயக்குநரின் ‘அன்ஃபெய்த்ஃபுல்’ (2002) பார்த்தீர்களா? அதில் தப்புப் பண்ணுவது மனைவி. அந்த மனைவியாக வரும் டயான் லேன் முதல் தடவை கள்ளக் காதலனிடம் போய்விட்டு ரயிலில் வீட்டுக்குத் திரும்புகிற காட்சியில் ஒரு பேச்சும் இல்லை. சிரிக்கிறா, வெட்கப்படுகிறா, அழுகை வருகிறது, திரும்பச் சிரிப்பு, எல்லாம் அந்த ஒரே முகத்தில். அதிலும் கொலை வரும், ஆனால் செய்தவர் பிறகு நிம்மதியாக இருக்க மாட்டார்.

கல்லடிக்காரன்:

நன்றி எல்லாருக்கும். அக்கா, உங்கட பதிலை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன், “வீடு ஆருடைய பெயரில் என்று ஞாபகம் இருக்குதானே” என்று மட்டும் கேட்டா. வாவிக்கரை அண்ணன், அந்தப் பழைய முடிவை எங்கே பார்க்கலாம்?

வாவிக்கரை:

டிவிடியில் கூடுதல் பகுதியாகச் சேர்த்திருக்கிறார்கள், தேடிப் பாருங்கள். இந்த முறை மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள், தனியே பார்த்தால் அதற்கும் ஒரு விசாரணை வரும்.