உதவி: சிஎஸ்வி-யா மாத்தினதும் ஊர்ப் பெயரெல்லாம் கேள்விக்குறி, தேதியும் குழப்பம்

கிணற்றடி:
வணக்கம். 2023 அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் 48 கிணத்துல தண்ணி எடுத்து உப்புத்தன்மை அளந்தேன். கிணத்துக்கு நாலு தடவை, மொத்தம் 192 வரி. கட்டுரையை ஏத்துக்கிட்டாங்க. ஆனா தரவைப் பொதுக் களஞ்சியத்துல போட்டு டிஓஐ (தரவைக் கண்டுபிடிக்க உதவற நிலையான இணைய அடையாள எண்) கொடுத்தாதான் அச்சுக்குப் போகுமாம். பத்து நாள் கெடு.

எக்செல் கோப்பை சிஎஸ்வி-யா (காற்புள்ளி போட்டுப் பிரிக்கற வெறும் உரைக் கோப்பு) சேமிச்சுத் திறந்தா, ஊர்ப் பெயர் இருந்த இடமெல்லாம் ?????. மூலக் கோப்பு இனி எதுக்குன்னு அழிச்சும் தொலைச்சிட்டேன். இன்னொண்ணு, வரைபடத்துல பிப்ரவரி, மே, ஆகஸ்ட்லயும் புள்ளி விழுது. அந்த மாசங்கள்ல நான் அந்தப் பக்கமே போகலை.

ஒற்றைப்பனை:
முதல்ல ஒண்ணு சொல்லுங்க. அசல் கேள்விக்குறியா, இல்ல வாய்க்கு வராத கோணல் எழுத்தா? கோணல் எழுத்துன்னா பயமில்லை, உள்ளே தமிழ் பத்திரமா இருக்கும். எக்செல்ல டேட்டா மெனு வழியா கோப்பை இறக்கி, 65001 யுடிஎஃப்-8-னு (எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கற முறை) தேர்ந்தெடுத்தா சரியாயிடும். கேள்விக்குறின்னா போனது போனதுதான். எக்செல்ல ரெண்டு சிஎஸ்வி இருக்கு. சாதா சிஎஸ்வி-ல சேமிச்சா தமிழ் எழுத்து ஒவ்வொண்ணையும் ? ஆக்கிடும். ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’-னு தனியா இருக்கறதைத்தான் எடுக்கணும்.

கிணற்றடி:
அசல் கேள்விக்குறிதான் அண்ணா 😭

ஒற்றைப்பனை:
கைடுக்கு எப்பவாவது மெயில்ல அனுப்பியிருப்பீங்களே, அனுப்பியவை பெட்டியில தேடுங்க. பழசா இருந்தாலும் பரவாயில்லை. கிணத்து எண்ணை வச்சு ஊர்ப் பெயரை மட்டும் அதுல இருந்து எடுத்துக்கலாம்.

வயல்நண்டு:
தேதிக்கு நான் வரேன். அந்த நெடுவரிசையில சில தேதி இடப்பக்கம் ஒட்டியும் சிலது வலப்பக்கம் ஒட்டியும் நிக்குதா?

கிணற்றடி:
ஆமா அக்கா! அதை அழகுக் குறைச்சல்னு நினைச்சு நடுவுல கொண்டுவரப் பாத்தேன்.

வயல்நண்டு:
நல்லவேளை, விட்டுட்டீங்க. உங்க கணினியில தேதி அமைப்பு அமெரிக்க முறையில, அதாவது மாசம் முதல்ல வர்ற மாதிரி இருக்கு. நீங்க 05/11/2023-னு நவம்பர் 5-ஐ அடிச்சா, அது மே 11-னு எடுத்துக்கும். திரையில அதே 5/11-தான் தெரியறதால கண்ணுல படாது. 25/11-ல 25-வது மாசம் இல்லாததால அதை வெறும் எழுத்தா இடப்பக்கம் விட்டுடும். அதாவது இடப்பக்கம் நிக்கறது சரி, வலப்பக்கம் நிக்கறது தப்பு. பாக்கறதுக்குத் தலைகீழாதான் தோணும்.

வலப்பக்கத்து வரிகளுக்குப் புது நெடுவரிசை ஒண்ணு போட்டு, டேட் ஃபார்முலாவுல மாசம் கேக்கற இடத்துல நாளையும் நாள் கேக்கற இடத்துல மாசத்தையும் கொடுங்க. பழைய நெடுவரிசையைத் தொடாதீங்க. புதுசுல 2023-11-05-னு வருஷம் முதல்ல வர்ற மாதிரி எழுதிட்டா யாருக்கும் குழப்பமில்லை.

ஒரு எச்சரிக்கை. எல்லாம் ஒரே கணினியில அடிச்சதா?

கிணற்றடி:
தலைஞாயிறு வரிகள் 36, தோழியோட லேப்டாப்ல அடிச்சது. அதுல 25/11 கூட வலப்பக்கம்தான் நிக்குது.

வயல்நண்டு:
அப்ப அவங்களோடது இந்திய அமைப்பு. அந்த 36-ல கை வைக்காதீங்க, வச்சா சரியா இருக்கறதும் கெட்டுடும். மத்ததை மாத்தினப்புறம் களக் குறிப்பேட்டோட ஒவ்வொண்ணா ஒத்துப் பாருங்க. 10/11-ம் 11/10-ம் ரெண்டுமே உங்க மாசங்களுக்குள்ளயே விழும், வரைபடம் காட்டிக் கொடுக்காது.

பழுப்புக்காகிதம்:
களஞ்சிய வேலை பாக்கறவன், குறுக்க வரேன். உப்புத்தன்மை நெடுவரிசையில அலகு எழுதியிருக்கா?

கிணற்றடி:
இல்லை சார். 1850, 1920, 2.3, 1780-னு இருக்கு. அந்த 2.3 மாதிரி சிலதை அடிக்கறப்ப வந்த பிழைன்னு தூக்கிடலாம்னு இருந்தேன். 48 கிணத்துக் கணக்கு, வேற யாரு பாக்கப் போறா?

பழுப்புக்காகிதம்:
தூக்காதீங்க! தண்ணி எவ்வளவு மின்சாரம் கடத்துதுன்னு பாத்துதான் மீட்டர் உப்பைக் காட்டும், அதோட அலகு சீமன்ஸ். கைமீட்டர் பலதும் அளவு ஏறினா தானாவே மைக்ரோ சீமன்ஸ்ல இருந்து அதைவிட ஆயிரம் மடங்கு பெரிய மில்லி சீமன்ஸுக்குத் தாவிடும். உங்க மீட்டரும் அந்த வகைன்னா 2.3-ங்கறது 2300. நீங்க தூக்க நினைச்சதுதான் உப்பு ஏறின கிணறு.

யாரு பாக்கப் போறான்னு கேட்டீங்க. 2018 நவம்பர்ல கஜா அங்கதான் கரையைக் கடந்தது. அதுக்கு முந்தின அளவைத் தேடி நான் பல பேர் வாசல் ஏறினேன். ஒருத்தர்கிட்ட கோப்பு இருந்தது, அலகு இல்லை.

சாதா உரைக் கோப்பு ஒண்ணு கூடவே வைங்க. நெடுவரிசை ஒவ்வொண்ணும் என்ன, என்ன அலகு, காலி இடம்னா என்ன அர்த்தம்னு அதுல இருக்கட்டும். கிணறு வத்தினதுக்கும் நீங்க போகாததுக்கும் 0 போட்டுடாதீங்க. கிணத்துக்காரர் பெயரும் போன் நம்பரும் வெளியே போகவே கூடாது. ஜிபிஎஸ்-ஐ ரெண்டு தசமத்தோட நிறுத்தினா ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் மறைஞ்சிடும்.

ஜெனோடோங்கற பொதுக் களஞ்சியத்துல இலவசமா போடலாம். ஐரோப்பிய அணு ஆராய்ச்சி அமைப்பான செர்ன் நடத்தறது, 2013-ல இருந்து இருக்கு. வெளியிடறதுக்கு முன்னாடியே டிஓஐ-யை ஒதுக்கி வாங்கிக்கலாம், உங்க கெடுவுக்கு அது போதும். வெளியிட்டப்புறம் கோப்பை மாத்தணும்னா பொதுவா புதுப் பதிப்பாதான் போடணும், அதனால அவசரப்பட்டு பொத்தானை அமுக்காதீங்க.

கிணற்றடி:
நாலு நாள் கழிச்சு வரேன். மெயில்ல பழைய கோப்பு கிடைச்சு ஊர்ப் பெயர் வந்துடுச்சு. இடப்பக்கம் 97, தோழியோடது 36, மாத்தினது 59. மீட்டர் கையேட்டையும் பாத்தேன், அலகு தாவற வகைதான். அந்த 59-ல ரெண்டு வரிக்கு மட்டும் குறிப்பேட்டுப் பக்கம் மழையில ஊறி, தேதி தெரியலை. தேதியைக் காலியா விட்டு, பக்கத்துல ‘குறிப்பேடு படிக்க முடியவில்லை’-னு எழுதிட்டேன். அந்த ரெண்டையும் எடுத்துடலாமேன்னு கைடு கேட்டார். எடுக்கலை. டிஓஐ ஒதுக்கியாச்சு, இன்னிக்குக் காலையில இதழுக்கு அனுப்பிட்டேன்.