சிரிக்கிற தாளத்தில் அழுகிற பாட்டு: கேட்டதும் செய்து பார்த்ததும்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து

துள்ளலான பொப் பாட்டில் நெஞ்சை அமத்துகிற இடம் எதுவென்று தேடினால், அநேகமாக ஒரே ஒரு சுரத்தில் போய் நிற்கும். கீபோர்டில் சி மேஜர், எஃப் மேஜர், எஃப் மைனர், திரும்பவும் சி மேஜர் என்ற கோர்டுகளை, அதாவது மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கிற கூட்டுகளை, வரிசையாகப் பிடித்துப் பாருங்கள். எஃப் மேஜர் மைனராகும்போது எஃப்பும் சியும் அசைவதில்லை. நடுவில் இருக்கிற ஏ மட்டும் அரைச் சுரம் இறங்கி ஏ ஃபிளாட் ஆகும். அடுத்த கோர்டில் இன்னும் அரைச் சுரம் இறங்கி ஜியில் உட்காரும். கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. சியை ச என்று வைத்தால் ஏ தைவதம் (த), ஏ ஃபிளாட் சுத்த தைவதம். சங்கராபரணத்தில் தைவதத்தை மட்டும் சுத்த தைவதமாக்கினால் சரசாங்கி, 27ஆவது மேளம். நிஷாதத்தையும் (நி) அரைச் சுரம் இறக்கிக் கைசிகி ஆக்கினால் 26ஆவது, சாருகேசி. இரண்டிலும் அந்தர காந்தாரம் (மேஜரின் க) முகம் மலர்ந்தே இருக்கும், தைவதம்தான் காட்டிக்கொடுக்கும்.

பிழை வருவது எங்கே? கோர்ட் ஏ ஃபிளாட்டுக்குப் போன பிறகும் பாடுகிறவர் பழைய ஏயையே பிடித்துக்கொண்டிருப்பார். அது சோகமில்லை, சுருதி பிசகல். இன்னொன்று, ருசி கண்டு வரிக்கு வரி எஃப் மைனரைப் போடுவது. காது பழகிவிடும், கோரஸுக்கு முந்தின வரியில் ஒரு தடவை போதும். தாளத்தையும் மெதுவாக்காதீர்கள். நிமிடத்துக்கு 115 முதல் 125 அடி வரை ஓடட்டும். 80க்கு இறக்கினால் வெறும் ஒப்பாரிதான் மிஞ்சும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

வெள்ளவத்தை அண்ணா கோர்டில் சொன்னதைச் சின்த்தில் (சின்தசைசரில்) டிட்யூன், அதாவது சுருதியைச் சற்றே விலக்குவது, செய்யும். ஒலி எழுப்புகிற இரண்டு ஒசிலேட்டரில் ஒன்றை 7 சென்ட் விலக்குங்கள் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஏ 440இல் வினாடிக்குக் கிட்டத்தட்ட 1.8 தடவை ஒலி கூடிக் குறையும், ஒரு நடுக்கம் வரும். அதையே பேஸுக்கு (அடிக்குரலுக்கு) செய்தால் கெட்டது: 55 ஹேர்ட்ஸில் அந்த ஏற்ற இறக்கம் நாலரை வினாடிக்கு ஒன்று, ஒவ்வொரு முறையும் பேஸ் காணாமல் போய்த் திரும்பும். 120 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒரே ஒசிலேட்டர், அதுவும் மோனோ, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி.

பரிசோதனை இசைக்குச் சத்தம் தேடி இணையத்தில் அலையத் தேவையில்லை. பின்னேரம் ஒழுங்கைக்குள் மெட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ வரும். பேத்தோவனின் ஃபியூர் எலீஸ், சிப் வாசிக்கிற ஒற்றைக் குரல். ஓட்டோ மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைக் கடந்து போனால், டொப்ளர் விளைவால் சுருதி மொத்தம் 55 சென்ட் அளவு இறங்கும், அதாவது அரைச் சுரத்தில் பாதிக்குச் சற்று மேலே. மெட்டு அப்படியே இருக்கும், ஆதார சுருதி மட்டும் வழுக்கும். காலி வீதியில் நின்று பதியாதீர்கள், பஸ் ஹோர்ன் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். போனில் இரைச்சல் குறைப்பையும், கெயின் (பதிவு அளவு) தானாக ஏறி இறங்குகிற வசதியையும் நிறுத்திவிட்டு, 48 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுங்கள். அந்த வசதி இருந்தால் பாண்காரர் கிட்ட வருவதும் தூரப் போவதும் ஒரே அளவாகிவிடும்.

பதிவைச் சிறு துகள்களாக வெட்டி அடுக்குகிற கிரானுலர் சின்த்தில் போடும்போது துகள் நீளம் 60 முதல் 100 மில்லிவினாடி. 10க்குக் கீழே போனால் மெட்டு கலைந்து கரகரப்புத்தான். லூப்பாகச் சுற்றவிடுவதென்றால் பதிவிலிருந்து மூன்று துண்டை ஒன்றுக்கொன்று வகுபடாத நீளத்தில் வெட்டுங்கள். 1978இல் வந்த ‘மியூசிக் ஃபோர் எயார்போர்ட்ஸ்’ என்ற இசைத்தட்டில் ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ வைத்த லூப்களில் ஒன்று 23½ வினாடி, இன்னொன்று 26க்குச் சற்றுக் குறைவு, வேறொன்று 30க்குச் சற்றுக் குறைவு. அதனால்தான் சுரங்கள் சந்திக்கிற இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. 8, 16 என்று அளவெடுத்து வெட்டுகிறவர்களுக்கு இது வராது.

தெஹிவளையிலிருந்து

ஒன்றைச் சேர்க்கிறேன். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். எர்த் சரியில்லாத வீட்டில் லப்டொப் சார்ஜரைச் செருகினால் அந்த இரைச்சல் பதிவுக்குள் வரும், 100இலும் 150இலும்கூட. 50 ஹேர்ட்ஸ் என்பது கீழ் ஸ்தாயியில் உள்ள ஜி சுரத்துக்கு 35 சென்ட் மேலே. அதனால் ஜியில் அமைத்த பாட்டு முழுவதும் கொஞ்சம் சுருதி விலகினது போலவே கேட்கும். பற்றரியில் பதியலாம். அல்லது பாட்டு முழுவதையும் 35 சென்ட் உயர்த்தி, இரைச்சலையே தம்பூராவாக வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஆனால் மாஸ்டரிங் செய்கிறவரிடம் முன்னமே சொல்லிவையுங்கள், வழக்கம்போல 50இல் அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் நீக்குகிற நொட்ச் ஃபில்டர் போட்டுத் தம்பூராவையே வெட்டிவிடுவார்.