குமரி மல்லிக்கு நவம்பர்லயா கத்தி வைக்கது?

விளைக்காரி (குழித்துறை):
நேத்து இந்தக் குழுவுல மதுரைக்காரர் ஒருத்தர் எழுதினதை அப்படியே போடுதேன். “மல்லிகையை நவம்பர் கடைசி வாரம் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டணும், இலை முழுக்க உருவணும். கன்னியாகுமரிக்காரங்களுக்கு இந்த ஒழுங்கு தெரியாது. அதான் அவங்க வீட்டுல செடி பச்சையா நிக்குது, பூ இல்லை.”

ராத்திரி முழுக்க மனசு ஆறல்ல. எங்களுக்கு ஒழுங்கு தெரியாதாம்!

வெட்டதுக்கு முன்ன வெள்ளத்தை (நீங்க சொல்லுத தண்ணியை) நிறுத்தணும், செடி கொஞ்சம் வாடணும், பெறவு இலையை உருவணும். இது எங்க பாட்டிமாருக்கே தெரியும். நவம்பர்ல இஞ்ச வானத்துக்க டேப்பை யாரு அடைக்கது? 2017 நவம்பர் 30-ல ஒக்கி புயல் வந்தது எந்த வாரம்? 2021 நவம்பர்ல குழித்துறை ஆறு பொங்கி ஊருக்குள்ள ஏறினது எந்த மாசம்? போன வருஷம் பக்கத்து வீட்டு மயினி இதே மாதிரி ஒரு பேச்சைக் கேட்டு மழைக்குள்ள வெட்டினா. வெட்டின கம்பு நுனியிலேருந்து கறுத்துக் கறுத்து அடிவரை இறங்கிச்சு, பாதி மூடு (செடி) போச்சு.

மேற்கு குமரிக்கு தை பெறந்து வெயில் உறைச்ச பெறவுதான் வெட்டு. நவம்பர்ல இல்லை.

வடக்குமாசி வீதி:
நான் சொந்தமா எதையும் கண்டுபிடிக்கலைங்க. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், 50 செ.மீ. உயரம்னு கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமே சொல்லுது. புதுத் தளிர்லதான் மல்லி மொட்டு வைக்கும். அப்ப வெட்டினாத்தான் மார்ச்லேருந்து ஜூன் வரைக்கும் அள்ளலாம். மதுரை மல்லிக்கு 2013-லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. மல்லியைப் பத்தி மதுரைக்காரன் சொன்னா கோவப்படுறதுக்கு என்ன இருக்கு?

செங்கோட்டை டீச்சர்:
முதல்ல எந்தச் செடின்னு சொல்லுங்க. குண்டுமல்லியா, முல்லையா, பிச்சியா? முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம், 45 செ.மீ. அளவுன்னு வேற கணக்கு இருக்கு. எல்லாத்தையும் ‘மல்லி’ன்னு ஒரே வாயில சொன்னா விவாதமே வீண்.

விளைக்காரி (குழித்துறை):
@வடக்குமாசி வீதி, குறியீடு மழையை நிறுத்துமா? வைகையில வெள்ளம் இல்லாத ஊர்க்காரரு எங்களுக்கு நீர் நிறுத்தச் சொல்லித் தாறாரு. நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல்ல. நவம்பர்ல வானத்துக்க டேப்பை யாரு அடைக்கது?

தோவாளைச் சந்தை:
அக்கா, நானும் குமரிதான். எங்க தாத்தா காலத்துலேருந்து பூவுலதான் பொழைக்கோம். எங்க வயல்ல நவம்பர் கடைசியிலதான் வெட்டுதோம். வெட்டின வாயில காப்பர் ஆக்சிகுளோரைடு பூஞ்சண மருந்தை லிட்டருக்கு மூணு கிராம் கலந்து அடிச்சா கறுக்காது. செடிக்குப் பத்து கிலோ மக்கின தொழு உரம் வச்சு மண்ணு அணைச்சா எந்த மழையும் ஒண்ணும் செய்யாது. உங்க பக்கம் பூக்காததுக்குக் காரணம் மாசம் இல்லை, நிழல். தெங்குக்கும் பிலாவுக்கும் ரப்பருக்கும் நடுவுல மல்லியை வச்சா எங்கேருந்து பூக்கும்? அதுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும். மாசத்தைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்?

விளைக்காரி (குழித்துறை):
தம்பி, நீங்க இருக்கது ஆரல்வாய்மொழிக் கணவாய்க்க வாசல்ல. முப்பந்தல்ல காத்தாடி சுத்துத காத்து உங்க மண்ணை மறுநாளே உணக்கிரும். எங்களுக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. செம்மண்ணு களிபோல ஊறிக் கெடக்கும். தோவாளை தாலுகாவுக்க கணக்கை விளவங்கோடு தாலுகாவுல கொண்டு வைக்காதீங்க.

இன்னொண்ணு. நீங்க வெட்டுதது விலைக்கு. மாசியில முகூர்த்தம் வரும்போ பூ கையில இருக்கணும். எனக்கு அந்த அவசரம் கெடையாது. எனக்க முற்றத்துல நிக்கது சாமிக்கு வைக்கவும் பிள்ளைகளுக்க தலையில சூடவும். ரெண்டு மாசம் பிந்திப் பூத்தா ஆருக்கும் நட்டமில்லை, செடி செத்தாத்தான் நட்டம்.

நிழல் கதையை விடுங்க. நான் கேட்டது மழையைப் பத்தி.

தோவாளைச் சந்தை:
நிழலைச் சொன்னா மழைக்குப் போறிய, மழையைச் சொன்னா ஒக்கிக்குப் போறிய. ஒக்கி என்ன வருஷா வருஷமா வருது? நவம்பர் கடைசி வாரம். எங்க அப்பா அப்படித்தான் வெட்டினாரு, நானும் அப்படித்தான் வெட்டுதேன்.

பாறசாலை பேரன்:
அக்கா சொல்லுததுல ஞாயம் இருக்கு. எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளாவுல எங்க வீட்டுலயும் குற்றிமுல்லை (உங்க குண்டுமல்லிதான்) சட்டியில நிக்குது. மழையில கத்தி வைக்க எங்க அம்மச்சி விடமாட்டா. சட்டியை ஓட்டு எறப்புக்கு உள்ள தள்ளி வச்சு, மண்ணு உணங்கின பெறவுதான் வெட்டுவோம். சட்டின்னா நவம்பர்லயும் செய்யலாம் போலருக்கே?

விளைக்காரி (குழித்துறை):
நல்ல பிள்ளை. ஆனா ‘நவம்பர்லயும் செய்யலாம்’னு சொல்லி அவங்க கையில வாளைக் குடுக்காதே. சட்டியைத் தூக்கி வைக்கலாம், முற்றத்தைத் தூக்கி வைக்க ஏலுமா? நான் தரையில நிக்குத செடியைச் சொல்லுதேன்.

வடக்குமாசி வீதி:
இப்ப சட்டி, தரைன்னு புதுசா பிரிக்கிறாங்க. நேத்து இதெல்லாம் பேச்சிலயே இல்லை. தரையிலன்னாலும் பாத்தியை மேடாக்கி, வாய்க்கால் வெட்டி வடிய விட்டா நவம்பர்ல வெட்டலாம். சோம்பேறித்தனத்துக்கு மழைன்னு பேரு வைக்காதீங்க.

விளைக்காரி (குழித்துறை):
சோம்பேறியா? விடியக்காலம் எந்திரிச்சு மூட்டுக்கு மூடு மண்ணு கிளைக்குதவ நான். மீன் கழுவுன வெள்ளத்தைப் புளிக்க வச்சு, பத்து பங்கு வெள்ளம் சேர்த்து ஊத்துதேன். இலை மஞ்சளிச்சா அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு அஞ்சு கிராம் கலந்து தெளிக்கேன். மாட்டுத்தாவணியில பூ வாங்கி முழம் போட்டுப் பழகினவங்களுக்கு செடிக்க பாடு எங்க தெரியப் போகுது?

தோவாளைச் சந்தை:
மீன் வெள்ளமா? பூனையும் எறும்பும் வந்து வேரைக் கிளைச்சுப் போடும். அதுலதான் பாதி செடி போயிருக்கும். பழியை மட்டும் நவம்பர் மேல போடுதிய.

விளைக்காரி (குழித்துறை):
கடப்புறத்துல வாழுத ஊருல மீன் வெள்ளம் ஊத்தாத செடி எது? குளச்சல்ல, தேங்காப்பட்டணத்துல போய்ப் பாருங்க. பூனை வருதுன்னா மேல ரெண்டு முள்ளுக் கம்பை வச்சா தீந்துது. போன வருஷம் மயினிக்க மூட்டுக்கு யாரும் மீன் வெள்ளம் ஊத்தல்ல, மழைக்குள்ள வெட்டினா, அவ்வளவுதான். வெட்டுவாயில வெள்ளம் நின்னா பூஞ்சணம் ஏறும்.

நீங்க சொல்லுத நவம்பர் வெட்டுல எங்க செடியெல்லாம் பட்டுப் போனா, ஆவணியில அத்தப்பூக்கோலம் போட நாங்க உங்க சந்தைக்குத்தானே வரணும். ஓணத்துக்கு என்ன விலை சொல்லுவாங்கன்னு பாத்தவ நான். அதையும் நெனச்சுத்தான் பேசுதேன்.

தோவாளைச் சந்தை:
இந்தப் பேச்சு வேண்டாம் அக்கா. எங்களைக் கொள்ளைக்காரன்னு சொல்லுதியளா? பிச்சியும் மல்லியும் இருட்டோட போய் மொட்டு மொட்டாப் பறிக்கணும். கையெல்லாம் ஈரம், கால்ல அட்டை. மத்தியானத்துக்குள்ள விக்கல்லன்னா விரிஞ்சு போகும், தூரப் போடணும். ஓணத்துக்குக் கூடுதல் சொன்னா அந்த ஒரு வாரம்தான். எங்க ஊரு மாணிக்கமாலைக்கு 2025-ல புவிசார் குறியீடு வந்துது, அரளியை மடிச்சு மடிச்சுக் கட்டுத கையிக்குக் கெடச்ச மரியாதை அது. மதுரைக்காரரும் கேட்டுக்கிடட்டும்.

வடக்குமாசி வீதி:
நான் உங்க பக்கம்தானே பேசிட்டிருக்கேன், என்னை ஏன் இழுக்குறீங்க? சரி, சொல்லிடறேன். அது கட்டுற வேலைக்குக் கிடைச்சது. எங்களுக்குக் கிடைச்சது பூவுக்கே. ரெண்டும் ஒண்ணில்லை.

தோவாளைச் சந்தை:
கட்டாத பூவை எந்தச் சாமி கழுத்துல போடுவிய? திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயிலுக்குத் தோவாளையிலேருந்துதான் மாலை போகும். உங்க பக்கம் பேசினதுக்கு எனக்கு இதுதான் கூலியா?

செங்கோட்டை டீச்சர்:
கவாத்துல ஆரம்பிச்சு மாலைக்கு வந்தாச்சு. நான் கேட்டது அப்படியே கிடக்கு. தோவாளைத் தம்பி பிச்சியையும் சேர்த்துப் பேசுறார், மதுரைக்காரர் குண்டுமல்லியைச் சொல்றார், குழித்துறை அம்மா எதைன்னு சொல்லவே இல்லை.

விளைக்காரி (குழித்துறை):
டீச்சரே, எல்லாத்துக்கும் வேரு மண்ணுலதான், மண்ணுல மழைதான். பேரை வச்சு நான் வெட்ட மாட்டேன், வெயிலை வச்சு வெட்டுவேன். முள்முருக்குல படர விட்ட பிச்சி எனக்க வேலியில நிக்குது, கிணத்துப் பக்கம் அடுக்குமல்லி நிக்குது. ரெண்டையும் தையிலதான் தொடுவேன். வைகாசி வரை பூக்கும். யாருக்கு சந்தேகமோ பங்குனியில வந்து பறிச்சுக்கிடுங்க.

தோவாளைச் சந்தை:
பங்குனியில எல்லார் செடியும் பூக்கும். தையில வெட்டினதுக்குக் கெடச்ச பூவா அது? மாசியில எத்தனை பூ, அதைச் சொல்லுங்க.

விளைக்காரி (குழித்துறை):
மாசியில பூ வேணும்கது உங்க வியாபாரம். முதல்லயே சொல்லியாச்சு.

பாறசாலை பேரன்:
சண்டைக்கு நடுவுல ஒரு சந்தேகம். இப்ப நிக்குத மொட்டெல்லாம் விரியாம ஊதா நெறமாகி உதிருது. என்ன செய்ய?

தோவாளைச் சந்தை:
மொட்டுப்புழு தம்பி. ஒரு மொட்டைப் பிச்சுப் பாரு, உள்ள பச்சையா சின்னப் புழு இருக்கும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு அஞ்சு மில்லி, கூட சோப்புக் கரைசல், சாயங்காலம் அடி. நவம்பர்ல வெட்டி, வெட்டின குப்பையை எரிச்சிரு. பாதி தொல்லை குறையும்.

விளைக்காரி (குழித்துறை):
புழுவைச் சொல்லுத சாக்குல நவம்பரை உள்ள கொண்டு வாறாரு பாத்தியா மக்களே! நெறம் மாறின மொட்டையெல்லாம் ஒண்ணுவிடாமப் பறி, கீழ உதிந்ததையும் பெருக்கி எடுத்து எரி. உள்ள புழு இல்லன்னா அது மொக்கு ஈ, அதுக்கும் இந்தப் பறிப்புதான் முதல் வேலை. வேப்பெண்ணெய் மழையில ஒழுகிப் போகும், ரெண்டு நாள் வெயில் பாத்து அடி. கத்தியை எடுக்காதே.

வடக்குமாசி வீதி:
தம்பி, ரெண்டு பேர் பேச்சையும் விடுங்க. பல்கலைக்கழகக் கையேட்டைத் திறந்து பாருங்க. நவம்பர் கடைசி வாரம்னு அச்சுல இருக்கு.

விளைக்காரி (குழித்துறை):
அச்சுல இருக்கட்டும். அந்த வாரம் உங்க கையேட்டையும் எடுத்துக்கிட்டு குழித்துறைக்கு பஸ் ஏறுங்க. மறக்காம குடையும் கொண்டு வாங்க.