புதுப்பிப்பு: பெர்ப் மரபணு பற்றிய என் சென்ற மாதப் பதிவுக்கு

சுண்டெலியின் பெர்ப் மரபணு செல்களைச் சாகடிக்க மட்டுமே உள்ளது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். அது பாதி உண்மைதான் என்பதால் இங்கே திருத்துகிறேன்.

டிஎன்ஏ சிதைந்த செல்லைச் சாகடிக்க பி53 என்ற புரதம் தூண்டிவிடும் மரபணு என்றே 2000-இல் பெர்ப் அறிமுகமானது. அது இல்லாத எலிகளில் தைமஸ் (நோயெதிர்ப்புச் செல்கள் முதிரும் உறுப்பு) செல்கள் எளிதில் சாவதில்லை என்பதும் மெய்யே. ஆனால் 2005-இல் வெளியான ஆய்வின்படி, பெர்ப் இல்லாமல் பிறக்கும் குட்டிகளின் தோலிலும் வாயின் உட்புறத்திலும் கொப்புளங்கள் எழுகின்றன. பெரும்பாலானவை பிறந்த சில நாட்களிலேயே இறந்துவிடுகின்றன. காரணம், செல்லையும் செல்லையும் பொத்தான்போல் பூட்டும் டெஸ்மோசோம்களில் பெர்ப் புரதம் அமர்ந்திருப்பதும், தோலில் பெர்ப் மரபணுவை இயக்குவது பி53 அல்ல, அதன் உறவுப் புரதமான பி63 என்பதுமாகும்.

நேற்று வேலூரில் எங்கள் ஆய்வகத்தில், சாதாரண எலியின் உள்ளங்கால் தோல் சீவலை நுண்ணோக்கியின் எண்ணெய் லென்ஸில் பார்த்தேன் (முதுகுத் தோல் மிக மெல்லியது, இதற்கு உதவாது). சுருங்கிய செல்களுக்கிடையே முள்முள்ளாக நுண்ணிய பாலங்கள் தெரிந்தன. டெஸ்மோசோம்கள் பிடித்துக்கொண்டிருக்கும் இடங்கள் அவை. ஒரே புரதம் ஒரு திசுவில் சாவுக்கும் இன்னொன்றில் பிணைப்புக்கும் துணைநிற்பதை அந்தப் பாலங்களைப் பார்த்தபோதுதான் முழுதாக உணர்ந்தேன். பழைய பதிவின் தலைப்பை இன்றே மாற்றிவிட்டேன்.