பாளை பகடைக் குழு: ஈடு மடம்

இசக்கி: அண்ணாச்சி, நாம ஆளுக்கொரு பாத்திரமா நடிச்சு பகடை உருட்டுற கதை ஆட்டம் இருக்குல்லா, அதுல அடுத்த ஆட்டத்துக்குப் பிராயச்சித்தக் கூட்டம் ஒண்ணு யோசிச்சிருக்கேன். பேரு ஈடு மடம். பாவம் செஞ்சவன் வருவான், குரு தண்டனை சொல்லுவாரு, முடிச்சிட்டு பாபநாசம் மாதிரி ஆத்துல முங்கினா தீந்துச்சு.

சங்கரன் அண்ணாச்சி: அது நாங்குநேரி டோல்கேட்டு வே. 50 பொற்காசக் கட்டிட்டு அடுத்த கொலைக்குக் கெளம்பிருவானுவ. தண்டனைய குரு சொல்லக்கூடாது, அடிபட்டவன் சொல்லணும். அவன் செத்துட்டா வாரிசு, வாரிசும் இல்லைன்னா ஊரு. அப்பந்தான் ஆட்டக்காரன் அந்த வீட்டு வாசல்ல போய் நிப்பான். ஆத்துக் குளியல் கடைசியில இருக்கட்டும்.

பேச்சி அக்கா: சடங்குக்குக் குலசேகரன்பட்டினத்துத் தசராவப் பாரு. விரதம், காப்பு, வேஷம், ஊர் ஊராக் காணிக்கை பிரிக்கது, கோயில்ல சேக்கது, காப்பு அவுக்கது. அந்த வரிசைய மட்டும் எடு. முத்தாரம்மனையும் காளி வேஷத்தையும் அப்படியே தூக்கி வச்சிராத, தெய்வத்த நீயே உண்டாக்கு.

பேச்சி அக்கா: வேஷம்னா இப்படி: கொல்லனக் கொன்னவன் அவன் சம்மட்டியத் தோள்ல சொமந்துக்கிட்டே திரியணும். ஏன்னு எவன் கேட்டாலும் உண்மையச் சொல்லணும். ஒளிஞ்சு போற வேலை வரும்போது பாரு வேடிக்கைய 😄

இசக்கி: விரதத்துக்கு ராத்திரிக்கு ஒரு படி களைப்பு போடட்டா?

மைதீன்: வேண்டாம்லே. டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிற பகடைக் கதை ஆட்டம்) 2014 விதியில களைப்பு 6 படி, ஏற ஏற ஆளு தளருவான். 3-ல அடிக்கதுக்கும் தப்பிக்கதுக்கும் ரெண்டு பகடை உருட்டி சின்னத எடுக்கணும். 6-ல ஆளு காலி. நீண்ட ஓய்வுக்கு ஒரு படிதான் எறங்கும், அதுவும் சோறு தண்ணி இருந்தாத்தான். விரதக்காரனுக்கு எறங்கவே எறங்காது. 1 படிக்கு மேல ஏத்தாத.

சங்கரன் அண்ணாச்சி: களைப்புக்குப் பதிலா ஆளுக்கொரு பை, உள்ள எப்பவும் 10 புளியமுத்து. பாவத்துக்கு ஏத்தபடி கருப்ப எடுத்துட்டு செவப்பப் போடு. அடிபட்டவங்கிட்டப் பொய் சொன்னா 1, திருட்டு 2, சரணடைஞ்சவன வெட்டுனா 4. மடத்து அருள் கேக்கும்போது கண்ண மூடி ஒண்ணு எடுக்கணும். செவப்பு வந்தா அருள் இல்ல. 4 செவப்புன்னா 40 சதவீதம். எடுத்தத திருப்பிப் போட்டுரணும், இல்லைன்னா கணக்கு மாறிரும். 7-க்கு மேல ஏத்தாதிய, ஆட்டக்காரன் கைவிட்டுருவான்.

மைதீன்: தாயம் ஆடத் தேச்ச முத்து ஆகாது, தேச்ச பக்கம் வெரல்ல தட்டும். செவப்புக்கு மஞ்சாடி போட்டாலும் உருண்டையா மாட்டிக்கிடும். முழு முத்தா எடுத்து ரெண்டு கலருக்கும் நகப்பூச்சு அடிங்க. செவப்ப மட்டும் பூசினா வழுவழுப்பே காட்டிக் குடுத்துரும்.

இசக்கி: அடிபட்டவன் மன்னிக்க மாட்டேன்னுட்டா?

பேச்சி அக்கா: மன்னிக்காம இருக்க அவனுக்கு உரிமை உண்டு. சொன்ன வேலைய முடிச்சா முத்து கருப்பாகும், ஆனா அந்த ஊர்ல தங்க முடியாது. அதே பாவத்தத் திரும்பச் செஞ்சா மாறுனதெல்லாம் மறுபடி செவப்பு.

பேச்சி அக்கா: வில்லனும் மடத்துக்குள்ளயே இருக்கட்டும். பாவ ஏடு எழுதுறவ. ஊர் ரகசியம் பூரா அவ கையில. காசுக்கு மெரட்டுறவளா வைக்காத, சப்புன்னு போயிரும். கடன் தீந்தவன் திரும்பவும் கெட்டுப்போவான்னு மெய்யாவே நம்புறவ, அதனால யாரு கணக்கையும் முடிக்க விடமாட்டா.

சங்கரன் அண்ணாச்சி: சாட்டையடி, ஒடம்பக் கீறுறதெல்லாம் வைக்கதுக்கு முந்தி ஆடுற எல்லார்ட்டயும் தனித்தனியாக் கேட்டுரு. ஒருத்தர் வேண்டாம்னாலும் எடுத்துரணும், காரணம் கேக்கப்பிடாது.

இசக்கி: சரி அண்ணாச்சி. மைதீனோட திருடன் போன ஆட்டத்துல சரணடைஞ்ச காவக்காரன வெட்டிருக்கான்லா?

சங்கரன் அண்ணாச்சி: 4 செவப்போட ஆரம்பிக்கட்டும்.

மைதீன்: ஏ, விதி வாறதுக்கு முந்தி வெட்டுனது வே அது!