மூன்றாம் நிலை எச்சரிக்கை உள்ள நாளில் 35 பாகைச் சரிவில் சறுக்கலாமா?

கேள்வி:
வணக்கம். நாளை நண்பர்கள் மூவருடன் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் அருகே, பராமரிக்கப்பட்ட தடங்களுக்கு வெளியே பனிச்சறுக்குப் பயணம் செல்ல எண்ணியுள்ளோம். பனிச்சரிவு அறிக்கையில் ஐந்தில் மூன்றாம் நிலை குறிக்கப்பட்டுள்ளது. 2200 மீட்டருக்கு மேல், வடக்கு நோக்கிய சரிவுகளில் பழைய பனிக்குள் நலிந்த அடுக்கு இருப்பதாகவும் உள்ளது. நாங்கள் தேர்ந்த சரிவு வடக்கு நோக்கியது, ஏறத்தாழ 35 பாகை. ஏற்கெனவே பலர் சறுக்கிய தடங்கள் அதில் தெரிகின்றன. மூன்று என்பது நடுத்தர நிலைதானே, செல்லலாமா?

மறுமொழி 1:
மூன்றை நடுத்தரம் என்று கொள்ளாதீர்கள். ஒவ்வொரு படி ஏறும்போதும் அபாயம் பன்மடங்காகிறது. நான்காம், ஐந்தாம் நிலைகளில் பெரும்பாலோர் வீட்டிலேயே தங்கிவிடுவதால், சுவிட்சர்லாந்தில் மிகுதியான உயிரிழப்புகள் மூன்றாம் நிலை நாட்களில்தான் நிகழ்கின்றன. சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முண்டர் வகுத்த எளிய விதியின்படி, இந்நிலையில் 35 பாகைக்குக் குறைவான சரிவுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதுவும் சராசரியை அல்ல, சரிவின் மிகச் செங்குத்தான பகுதியை அளந்து. சுவிஸ் அரசின் நிலவரைபட நிறுவனமான சுவிஸ்டோப்போவின் வரைபடத்தில் 30 பாகைக்கு மேற்பட்ட இடங்கள் நிறமிட்டுக் காட்டப்பட்டிருக்கும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால் உங்கள் அறிக்கையில் பாகையைவிட என்னை அஞ்சவைப்பது அந்தப் பழைய பனி. குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லியதாக இருக்கும்போது, தரையின் வெதுவெதுப்புக்கும் மேற்பரப்பின் கடுங்குளிருக்கும் இடையே நீராவி மேல்நோக்கி நகர்ந்து, அடிப்பனியைச் சர்க்கரைபோல் ஒட்டாத பருமணிகளாக மாற்றிவிடுகிறது. அதன்மேல் பெய்யும் பனி இறுகிப் பலகையாகிறது. பலகை மெல்லியதாக உள்ள ஓரிடத்தில் ஒருவரின் எடை பட்டால் போதும், அடியடுக்கு நொறுங்கி, விரிசல் சரிவு முழுவதும் ஓடிவிடும். அந்த இடத்தை முதல் ஆள் தவறவிட்டு, பத்தாவது ஆள் மிதிக்கலாம். ஆகவே தடங்கள் எதற்கும் உறுதியல்ல. அடிவாரச் சமவெளியில் நடப்பவரால்கூட மேலே உள்ள சரிவு அறுந்து விழக்கூடும். காலடியில் ‘வும்’ என்று பனி அமுங்கும் ஓசை கேட்டால் உடனே திரும்புங்கள். என் கருத்தில் நாளை 30 பாகைக்குக் குறைந்த, தலைக்குமேல் செங்குத்துச் சரிவுகள் இல்லாத வழியே உங்களுக்கு ஏற்றது.

மறுமொழி 3:
டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டறிய உதவும் சமிக்ஞைக் கருவி), பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், மண்வாரி மூன்றும் நால்வரிடமும் இருக்க வேண்டும். புறப்படுமிடத்திலேயே டிரான்ஸீவர்களைச் சோதித்துக்கொள்ளுங்கள். முழுதும் புதைந்தவர்களில் பெரும்பாலோரை முதல் 10 நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால் காப்பாற்றலாம். அதன்பின் வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. அதற்குள் ஹெலிகாப்டர் வருவது அரிது. தோண்ட வேண்டியவர்கள் உங்கள் நண்பர்களே என்பதால், ஐயத்துக்குரிய இடத்தை ஒவ்வொருவராகக் கடந்து, மற்றவர்கள் பாதுகாப்பான இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருங்கள்.