ஹீட்டர் ஜாக்கெட் பத்து நிமிசத்துல ஆஃப் ஆகுது, அவசரம்!!!

சிப்புட்_பையன்
அண்ணன்மாரே, அக்காமாரே, அவசர உதவி. ஆன்லைன்ல வாங்குன ஹீட்டர் ஜாக்கெட் பத்து நிமிசம் சூடாகுது, அப்படியே செத்துருது. பட்டனை அமுக்குனா சிவப்பு லைட் மூணு தடவ மின்னுது, அவ்ளோதான். வித்தவன் "நாளைக்குப் பாக்குறேன் பாஸ்"னு நாலு நாளா சொல்றான். 480 மலேசிய வெள்ளி! வெள்ளிக்கிழம பிளைட். யாருக்காச்சும் தெரியுமா?

கோப்பிஓ_கோசோங்
கேமரன் மலைக்கு எதுக்குடா பிளைட்டு? பசார் மாலம்ல 30 வெள்ளிக்கு ஸ்வெட்டர் தொங்குது.

வயர்மேன்_ஈப்போ
பேட்டரி எத்தன வோல்ட்? மோட்டார் ஓட்டறவங்க போடுற ஜாக்கெட்டா, வேற ஏதாச்சுமா? முழு சார்ஜ் ஏறுதா? ஒரு படம் போடு தம்பி, சும்மா "செத்துருது"ன்னா நான் என்ன மந்திரவாதியா.

திருத்தம்
தலைப்பில் மூன்று ஆச்சரியக்குறி இருக்கிறது, பதிவில் ஒரு விவரமும் இல்லை. எந்த வகை ஜாக்கெட், எதற்கு, எங்கே? கேள்வி கேட்பதும் ஒரு கலைதான். இந்தத் தளத்தில் எட்டு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

சிப்புட்_பையன்
சாரி சாரி, மில்லுல நைட் ஷிப்ட்ல இருந்தேன். இது சர்ப்பிங்குக்கு. வெட்சூட்டுக்கு, அதான் குளிர்த் தண்ணியில போடுற இறுக்கமான சூட்டுக்கு, உள்ள போடுறது, தண்ணி போகாது. பேட்டரி 7.4 வோல்ட், 5200 மில்லி ஆம்பியர் மணி. சார்ஜ் முழுசா ஏறுது, பச்சை லைட் வருது.

கோப்பிஓ_கோசோங்
சுங்கை சிப்புட்ல எங்கடா கடலு? செம்பனைக்கு உரம் போடுற வாய்க்கால்லயா அலை பிடிக்கப் போற 😂

சிப்புட்_பையன்
செராத்திங் கடற்கரையில கத்துக்கிட்டேன்ணே. மூணு வருசமா டிசம்பர் ஆனா அங்கதான், காத்துக் காலத்துல அலை நல்லா வரும். இப்ப அக்கா வீட்டுக்கு ஆஸ்திரேலியா போறேன்.

மணல்திட்டு
ஆஸ்திரேலியா என்ன உங்க தீம்பாரா, ஒரே சடக்குல முடிய? கோல்ட் கோஸ்ட்னா இந்த மாசம் கூட தண்ணி 20 டிகிரிக்குக் கொறையாது, மூணு மில்லி தடிமன் சூட் போதும், ஜாக்கெட்ட தூக்கிப் போடு. எந்த ஊரு?

சிப்புட்_பையன்
டோர்க்கே. மெல்பர்ன் பக்கம்.

ஜீலாங்_அக்கா
அதை மொதல்லயே சொல்லக்கூடாதா தம்பி! எங்க வீட்லேர்ந்து டோர்க்கே அரை மணி நேரம்தான். ஆகஸ்ட்ல கடல் 13, 14 டிகிரி. செராத்திங் தண்ணிய விட பாதி. காத்து தெக்கேர்ந்து அடிச்சா கரையில நின்னாலே பல்லு தந்தியடிக்கும். வெட்சூட் எத்தன மில்லி? சைஸ் சரியா இருக்கா? பூட்ஸ் இருக்கா?

பழைய_கங்காணி
தம்பி, இந்தக் கரண்டுச் சட்டையெல்லாம் வேண்டாம். உடம்பு பூரா நல்லெண்ணெய் தடவு, இறங்கறதுக்கு முன்னால பிராந்தி ஒரு மூடி. நாங்க விடியக்காலையில தோட்டத்துல ஆள் எண்ணற பெரட்டுக்குப் போறப்ப பனியில எந்த ஹீட்டர் போட்டோம்?

திருத்தம்
உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகத்தான் வெளியேறுகிறது. எனவே ஜாக்கெட் என்பதே வீண். நல்ல தலைக்கவசத் துணி ஒன்று போதும். இது பள்ளியிலேயே சொல்லித் தருவார்கள்.

ஜீலாங்_அக்கா
நான் நர்ஸ். ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்லிடறேன்.
பிராந்தி குடிச்சா தோல்ல ரத்த நாளம் விரியும், சூடு இருக்கற மாதிரி தோணும், உள்ளுக்குள்ள இருக்கற சூடுதான் வெளிய போயிட்டிருக்கும். தண்ணிக்குள்ள அது ஆபத்து.
தலையில பாதி சூடு போகுதுங்கறது பழைய கதை. தலை உடம்புல சுமார் பத்துல ஒரு பங்கு, மூடாம விட்டா ஏறக்குறைய அந்தப் பங்குதான் போகும். தொப்பி போடு, நல்லதுதான், காதுக்கும் நல்லது. வருசக்கணக்கா குளிர்த் தண்ணியில அலை பிடிக்கறவங்களுக்குக் காதுக்குள்ள எலும்பு வளரும்.
நெஞ்சு குளிர்ந்தா உடம்பு கை கால்ல ரத்தத்த கொறச்சிடும், மொதல்ல வெரல்தான் மரத்துப் போகும். அதனால நெஞ்சு, முதுகுல சூடு வைக்கறது அர்த்தம் உள்ளதுதான். ஆனா ஹீட்டர் தோல்ல நேரா படக்கூடாது, அடியில மெல்லிசு லைக்ரா சட்டை போட்டுக்கோ. ரொம்ப சூடா இல்லாட்டியும் மணிக்கணக்கா ஒரே எடத்துல பட்டா தோல் வெந்துடும், மரத்துப் போன தோலுக்கு அது தெரியாது.

திருத்தம்
நான் படித்ததைச் சொன்னேன்.

பால்மரம்_மகன்
ஒரு சந்தேகம். வெட்சூட் ரப்பர்தானே? எங்கப்பா முப்பது வருசம் பால்மரம் சீவுனவரு. மங்குல பால் எடுத்த கைக்கு வெட்சூட் என்ன வெல விக்குதுன்னு தெரியாது, ஆனா ரப்பர்ல எண்ணெய் பட்டா ஊதிப்போகும்னு தெரியும். அதனால கங்காணி ஐயா, நல்லெண்ணெய் வேண்டாம்.

திருத்தம்
தவறு. வெட்சூட் நியோப்பிரீனால் ஆனது. செயற்கை ரப்பர், 1930களில் டூபாண்ட் நிறுவனம் கொண்டுவந்தது. இயற்கை ரப்பரை விட எண்ணெயைத் தாங்கும். நம் பால்மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மணல்திட்டு
சம்பந்தம் இருக்கு. பத்தகோனியா கம்பெனி 2016லேர்ந்து நியோப்பிரீனுக்குப் பதிலா யூலெக்ஸ்னு இயற்கை ரப்பர் போட்டு வெட்சூட் விக்குது. அது ஹேவியா மரம்தான், அதாவது நம்ம பால்மரம்.

பால்மரம்_மகன்
ஹா! கோலகங்சார்ல 1877ல நட்ட மரத்துல ஒண்ணு இன்னும் நிக்குது, திருத்தம் சார். போய் அது கால்ல விழுந்துட்டு வாங்க.

திருத்தம்
நான் "பொதுவாக" என்ற பொருளில் சொன்னேன்.

கோப்பிஓ_கோசோங்
எட்டு வருசமா சொல்லி வருகிறாராம்.

பழைய_கங்காணி
நான் சொன்னது எண்ணெய உடம்புக்கு. சூட்டுக்கு இல்ல.

வயர்மேன்_ஈப்போ
அட நிறுத்துங்கய்யா, பையனோட ஜாக்கெட்ட விட்டுட்டு தோட்ட வரலாறு பேசிக்கிட்டிருக்கீங்க. தம்பி, ஒரே கேள்வி. எங்க வச்சு டெஸ்ட் பண்ண?

சிப்புட்_பையன்
வீட்டு ஹால்ல. மாட்டிக்கிட்டு உக்காந்து பாத்தேன்.

வயர்மேன்_ஈப்போ
மத்தியானமா?

சிப்புட்_பையன்
ஆமாண்ணே. ஷிப்ட் முடிஞ்சி வந்து ரெண்டு மணிக்கு. பேன் போட்டுருந்தேன்.

வயர்மேன்_ஈப்போ
வெளங்கிருச்சு. தகரக் கூரை, வெளிய 33 டிகிரி, உள்ள உன் உடம்பு 37, நடுவுல ஒரு ஹீட்டர். சூடு எங்க போகும்? இந்த மாதிரி ஜாக்கெட்ல அளவு தாண்டுனா தானா அறுக்கற கட்டுப்பாடு இருக்கும், அது அறுக்குது. அந்த மூணு சிவப்பு அதோட கூச்சலா இருக்கும், புஸ்தகத்துல பாரு. தண்ணி காத்த விட இருபது மடங்குக்கு மேல வேகமா சூட்ட இழுக்கும், கடல்ல அது அளவ தாண்டவே தாண்டாது.
நம்பிக்கை இல்லன்னா ஒரு வேல செய். மீன்காரர்கிட்ட அந்தப் பெரிய நீல ஐஸ் தொட்டிய ஒரு மணி நேரம் கேளு, பாதி தண்ணி ஊத்தி ஐஸ் போடு. பேட்டரி மூடியில ரப்பர் வளையம் முறுக்காம இருக்கான்னு பாத்துட்டு, ஜாக்கெட்ட முக்கு. கைய உள்ள விட்டு எவ்ளோ நேரம் சூடு நிக்குதுன்னு பாரு.
அப்பறம் பேட்டரி: 7.4 பெருக்கல் 5.2, சுமார் 38 வாட் மணி. பிளைட்டுல விடற 100 வாட் மணிக்குக் கீழதான், பயமில்ல. ஆனா கழட்டி கைப்பையில வை, பெரிய பெட்டியில போட்டுடாத.

ஜீலாங்_அக்கா
தம்பி, நான் கேட்ட வெட்சூட் சைஸ்?

ஜீலாங்_அக்கா
தம்பி?

சிப்புட்_பையன்
மீன்காரர் தொட்டி குடுத்தாரு, எதுக்குன்னு சொன்னதும் மார்க்கெட்டே வந்து நின்னு பாத்துச்சு. 1 மணி 10 நிமிசம் ஓடுச்சு, ஆஃப் ஆவல!! வயர்மேன் அண்ணே, நீங்க தெய்வம். இப்ப பேக்கிங். பை.

ஜீலாங்_அக்கா
வெட்சூட் கழுத்து, இடுப்புல லூசா இருந்தா குளிர்த் தண்ணி உள்ள போயி வெளிய வந்துக்கிட்டே இருக்கும், ஹீட்டர் சூடாக்குன தண்ணிய கடல் கொண்டுபோகும். அதுக்குத்தான் கேட்டேன். படிச்சா பதில் போடு.

*(பதினேழு நாள் கழிச்சு)*

சிப்புட்_பையன்
வந்துட்டேன். ஜாக்கெட் சூப்பர். வாடகைக்கு எடுத்த 4/3 சூட் (உடம்புக்கு 4 மில்லி, கை காலுக்கு 3 மில்லி) ஒரு சைஸ் பெருசு, முதுகுல வாளி வாளியா தண்ணி. ரெண்டாவது நாள் மாத்துனேன், அப்பறம் ஒண்ணரை மணி நேரம் இருந்தேன். பூட்ஸ் மறந்துட்டேன், கால் ரெண்டும் கட்டையாப் போச்சு. அக்கா சாரி, அப்ப பாக்கல.

வயர்மேன்_ஈப்போ
நல்ல தண்ணியில அலசுனியா? பேட்டரி முனையில உப்பு நின்னா ரெண்டே மாசத்துல பச்சை பூத்துடும். அந்த மூணு சிவப்புக்கு புஸ்தகத்துல என்ன போட்டிருக்குன்னும் எழுது, அடுத்தவனுக்கு உதவும்.

*(ஒரு வருசம் கழிச்சு)*

புது_உறுப்பினர்_பாகாவ்
எனக்கும் மூணு தடவ சிவப்பு. யாருக்காச்சும் தெரியுமா? அவசரம்

திருத்தம்
எந்த ஜாக்கெட்?